‘ஓப்பன்’ என்று எழுதப்பட்ட பிரேக்கர்

நடந்தது

சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் சீன எலக்ட்ரீஷியன் ஒருவர், ஷிப்ட் முடிந்து கிளம்பும் முன் பதிவேட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். இரண்டாம் எண் பம்பின் பிரேக்கரை, அதாவது அதற்கு மின்சாரம் கொடுக்கவும் துண்டிக்கவும் உள்ள சுவிட்சை, ‘ஓப்பன்’ செய்தாகிவிட்டது என்பது அதன் செய்தி. இரவு ஷிப்டுக்கு வந்தவர் தமிழ்நாட்டில் பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்தவர். அந்த வரியைப் படித்ததும், பம்புக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். எழுதியவர் சொல்ல வந்ததோ அதற்கு நேர் எதிர்: மின்சாரம் கொடுத்தாகிவிட்டது, பம்பு தயாராக நிற்கிறது.

பம்பு ஓடிக்கொண்டிருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் அது மாற்றுப் பம்பு. தொட்டியில் நீர்மட்டம் இறங்கினால்தான் தானாகக் கிளம்பும். இரவு வந்தவருக்கு அந்த மோட்டாரின் இணைப்புப் பெட்டியில் ஒரு வேலை இருந்தது. வேலை முடியும்வரை வேறு யாரும் மின்சாரம் கொடுத்துவிடாதபடி தன் பூட்டை மாட்டுவதற்காகப் பிரேக்கர் பலகைக்குப் போனவர், கைப்பிடி மின்சாரம் உள்ள பக்கமே நிற்பதைக் கண்டார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார், மின்சாரம் இருந்தது. பதிவேட்டை நம்பாதே, உன் பூட்டையும் டெஸ்டரையும் நம்பு என்பது அந்தத் தொழிலின் பால பாடம். பாடம் கைகொடுத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் மேற்பார்வையாளர் விசாரித்தார். செய்யாத வேலையைச் செய்ததாக எழுதிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. சீனருக்கு அது பெரிய தலைகுனிவு. அவர் என் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வருபவர். பதிவேட்டுப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து வந்து என் முன்னால் வைத்தார். “லாவ்ஷி, இதில் எந்தச் சொல் தவறு?” என்று கேட்டார். லாவ்ஷி என்றால் ஆசிரியர். எழுத்துக்கூட்டல் சரியாக இருந்தது, இலக்கணமும் சரிதான். தவறான சொல் என்று ஒன்றைத் தொட்டுக் காட்ட முடியாத வாக்கியம் அது. அதனால்தான் இதைத் தனியாக ஆராய்ந்து எழுத வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு வாசிப்புகள்

மின்துறை ஆங்கிலத்தில் ஒரு சுற்று ‘ஓப்பன்’ என்றால் அதில் எங்கோ இடைவெளி விழுந்திருக்கிறது, மின்சாரம் போகாது. ‘க்ளோஸ்டு’ என்றால் இடைவெளி அடைபட்டுவிட்டது, மின்சாரம் ஓடும். தமிழ்நாட்டுக்காரர் இதை முதலாண்டுப் பாடத்திலேயே படித்தவர். “எங்களுக்கு ஓப்பன் என்றால் ஆஃப்தான், சார். அதில் சந்தேகமே வந்ததில்லை” என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

ஆனால் அதே பம்பு அறையில், பிரேக்கருக்குப் பத்தடி தள்ளி ஒரு வால்வு இருக்கிறது. வால்வை ‘ஓப்பன்’ செய்தால் தண்ணீர் ஓடும். சொல் ஒன்றுதான். ஒன்றில் ஓட்டம் நிற்கிறது, மற்றொன்றில் ஓட்டம் தொடங்குகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இதை முரண்பாடாக உணர்வதே இல்லை. இரண்டு இடத்திலும் ஓர் இடைவெளி உண்டாகிறது, அவ்வளவுதான். தண்ணீருக்கு இடைவெளி வழி. செம்புக் கம்பியில் போகும் மின்சாரத்துக்கு இடைவெளி தடை. பாம்பன் தூக்குப் பாலம் ‘திறந்தால்’ கப்பல் போகும், ரயில் நிற்கும். நாமும் அதைத் திறப்பு என்றுதான் சொல்கிறோம். யாருக்குத் திறப்பு என்று கேட்பதில்லை.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தின் ‘ஓப்பன்’ இடைவெளியைப் பார்க்கிற சொல். அதற்கு இணை என்று சீன மாணவர்கள் மனப்பாடம் செய்யும் சொல், தொடக்கத்தைப் பார்க்கிறது. எது தடை நீங்கிக் கிளம்புகிறது, எது ஓடத் தொடங்குகிறது என்பதுதான் அதன் கவலை. கதவு, ஜன்னல், கடை, கண், வாய் ஆகிய இடங்களில் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன. அதனால் ஐந்தாறு ஆண்டு படித்த பிறகும் வேறுபாடு கண்ணில் படுவதில்லை. மின்சுற்றில்தான் இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

சீனச் சொல்

அந்தச் சொல்லின் ஒலி தமிழில் ‘கை’ என்று எழுதினால் ஏறக்குறைய சரியாக வரும். குரலை உயர்த்தி, இறக்காமல் பிடிக்க வேண்டும். அதன் பழைய எழுத்து வடிவத்தில் ஒரு வாயிற்கதவும், அதன் குறுக்குத் தாழ்ப்பாளும், தாழ்ப்பாளை நீக்கும் இரண்டு கைகளும் இருந்தன. உடனே தமிழுக்கும் சீனத்துக்கும் உறவு கண்டுபிடிக்கக் கிளம்பிவிட வேண்டாம். இது வெறும் தற்செயல். கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த ‘ஷுவோவென் ஜியேஜு’ என்ற அகராதி, விரித்தல் என்று இதற்குப் பொருள் சொல்கிறது. மூடுதலுக்கான ‘குவான்’ என்ற எழுத்துக்கு அதே அகராதி தரும் விளக்கம் இன்னும் தெளிவானது: கதவைப் பிடித்து நிறுத்தக் குறுக்காக வைக்கும் மரம். 1956இல் வெளியான எழுத்துச் சீர்திருத்தத்தில் இரண்டு எழுத்துகளிலிருந்தும் வாயிற்கதவு போய்விட்டது. இன்று சீன நிலப்பகுதியில் படிக்கிற குழந்தை எழுதும் ‘கை’யில் கதவே கிடையாது.

இச்சொல்லின் வரலாற்றில் ஓர் அரசரும் வருகிறார். ஹான் வம்சத்துப் பேரரசர் ஜிங் கி.மு. 157 முதல் 141 வரை ஆண்டவர். அவருடைய இயற்பெயர் ‘ச்சி’. அதற்கும் திறத்தல் என்றுதான் பொருள். அரசரின் பெயரை எழுதக் கூடாது என்பது வழக்கம். ஆகவே அந்த எழுத்து வரும் இடங்களில் ‘கை’யைப் போட்டு எழுதினார்கள். ஷாங் வம்சத்து இளவரசர் ஒருவரின் பெயர் பழைய வரலாற்றாசிரியர் ஸிமா ச்சியனின் நூலில் ‘வெய்ஸி கை’ என்று இருப்பது இதனால்தான். அதற்கு முந்தைய வழக்கில் அவர் ‘வெய்ஸி ச்சி’. அரசருக்கு அஞ்சி ஒரு சொல் ஒதுங்கிக்கொள்ள, இன்னொரு சொல் அதன் வேலையையும் சேர்த்துப் பார்த்தது.

இன்றைய சீனத்தில் அது பார்க்கும் வேலைகளைச் சொல்லத் தொடங்கினால் பக்கம் போதாது. கதவுக்கும் ‘கை’, விளக்குக்கும் ‘கை’. காரோடு சேர்ந்தால் ஓட்டுதல், கூட்டத்தோடு சேர்ந்தால் நடத்துதல், துப்பாக்கியோடு சேர்ந்தால் சுடுதல், கத்தியோடு சேர்ந்தால் அறுவை சிகிச்சை. மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதித் தருவதும், கடைக்காரர் ரசீது போடுவதும் ‘கை’. பூ ‘கை’ ஆனால் மலர்ந்துவிட்டது. தண்ணீர் ‘கை’ ஆனால் கொதித்துவிட்டது. மனம் ‘கை’ ஆனால் மகிழ்ச்சி. இரவு வண்டியை ‘கை’ செய்தால் கண்விழித்து வேலை பார்த்தார் என்று பொருள். போதாக்குறைக்கு, ஒலி ஒற்றுமையால் 18 காரட் தங்கம் ‘18 கை’ ஆகிறது. கெல்வின் என்ற வெப்பநிலை அலகின் பெயரும் சுருங்கி ‘கை’ ஆகிவிட்டது. இந்தக் கடைசி இரண்டுக்கும் திறப்பதற்கும் தொடர்பு இல்லை.

இந்தக் கூட்டத்தில் பொதுவான இழை, ஒன்று கட்டு நீங்கித் தன் இயக்கத்துக்குள் நுழைகிறது என்பதுதான். கொதிக்கும் தண்ணீரில் எந்த இடைவெளியும் இல்லை. ஓடும் காரின் கதவு மூடித்தான் இருக்கிறது. பம்பு ஓடுவதையும் ஓடத் தயாராக நிற்பதையும் ஒரு சீனர் இதே சொல்லால் சொன்னால் அவர் மொழியில் அது இயல்பான பேச்சு.

ஆங்கிலச் சொல்

‘ஓப்பன்’ ஆங்கிலத்துக்குப் பழைய சொத்து. 1066இல் நார்மன்கள் வந்து பிரெஞ்சுச் சொற்களைக் கொட்டுவதற்கு முன்பே பழைய ஆங்கிலத்தில் இதே வடிவில் இருந்தது. ஜெர்மன் மொழியின் ‘ஓஃபன்’, டச்சு மொழியின் ‘ஓபன்’ ஆகியவை உடன்பிறப்புகள். மேலே என்று பொருள்படும் ‘அப்’ என்ற சொல்லோடு இதற்கு வேர் உறவு உண்டு என்று சொற்பிறப்பு அகராதிகள் சொல்கின்றன. ஜெர்மன் மொழியில் அந்த உறவு இன்றும் வெளியே தெரிகிறது. மேல்நோக்கி என்பதைக் குறிக்கும் ‘அவுஃப்’ என்ற சொல்லையே, கதவு திறந்திருக்கிறது என்று சொல்லவும் அவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

1978 டிசம்பரில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு எடுத்த முடிவோடு தொடங்கிய பொருளாதார மாற்றத்தைச் சீனத்தில் ‘கைகே கைஃபாங்’ என்பார்கள். இதில் முதல் ‘கை’ வேறு எழுத்து, வேறு தொனி, சீர்திருத்தத்தைக் குறிப்பது. இரண்டாவதுதான் நம்முடையது. ஆங்கிலத்தில் அது ‘ஓப்பனிங் அப்’ ஆனது. வேர் உறவு உண்மையென்றால் ஒரே தொடரில் ‘மேலே’ இரண்டு முறை நிற்கிறது. என் மாணவருக்கு இது மிகவும் பிடித்துப்போனது. அவர் பிறந்ததே அந்த மாற்றம் தொடங்கிய பிறகுதான்.

மூடுதலுக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். ‘ஷட்’ உள்ளூர்ச் சொல். பழைய ஆங்கிலத்தில் தாழ்ப்பாளைத் தள்ளிப் போடுவது என்று பொருள். சீனத்துக் ‘குவான்’ என்ற எழுத்தில் இருக்கும் அதே குறுக்கு மரம்தான். உலகின் இரண்டு மூலைகளிலும் கதவைச் சாத்துவது என்றால் தாழ்ப்பாள்தான் முதலில் நினைவுக்கு வந்திருக்கிறது. ‘க்ளோஸ்’ பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்த லத்தீன் சொல். இந்த வரவால் மாணவர்களுக்கு நேர்ந்த தொல்லை பெரியது. நிலையைச் சொல்ல ‘ஓப்பன்’ அப்படியே போதும். அது பிறப்பிலேயே பெயரடை. ‘க்ளோஸ்’ அப்படி இல்லை. அதை அப்படியே பெயரடையாக வைத்தால், கடைசி ஒலி சற்று மாறி, ‘அருகில்’ என்று பொருளாகிவிடும். அதனால் மூடிய நிலைக்கு ‘க்ளோஸ்டு’ என்று பெயரெச்ச வடிவம் தேவைப்படுகிறது. கடை ‘ஓப்பன்’, கடை ‘க்ளோஸ்டு’. சமச்சீரை விரும்பும் மாணவர் எவரும் முதலாவதை ‘ஓப்பன்டு’ ஆக்குவார், அல்லது இரண்டாவதை ‘க்ளோஸ்’ ஆக்குவார். சீனர்களின் ஆங்கிலத்தில் இரண்டையும் பார்க்கலாம். சீன வினைச்சொல் வடிவம் மாறாது. கூடவே ‘ஜே’ வந்தால் நிலை, ‘லே’ வந்தால் மாற்றம் நிகழ்ந்துவிட்டது. பதிவேட்டு வரியில் இந்தச் சிக்கலும் ஒளிந்திருந்தது. ‘ஓப்பன்டு’ என்று அவர் எழுதியது செயலையா, தற்போதைய நிலையையா? கேட்டபோது, நிலையைத்தான் என்றார்.

ஆங்கிலத்தின் ‘ஓப்பன்’ போகும் வேறு சில இடங்களுக்குச் சீனத்துக் ‘கை’ தனியாகப் போவதில்லை. டென்னிஸ் போட்டியின் பெயரில் வரும் ‘ஓப்பன்’, தொழில்முறை ஆட்டக்காரர், மற்றவர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் கலந்துகொள்ளலாம் என்பதைக் குறிப்பது. டென்னிஸில் அந்தக் காலம் 1968இல் தொடங்கியது. சீனத்தில் அது ‘குங்கை’, அதாவது பொது என்ற சொல்லின் துணையோடுதான் வரும். சீன வீராங்கனை லீ நா 2011இல் பிரெஞ்சு ஓப்பனையும் 2014இல் ஆஸ்திரேலிய ஓப்பனையும் வென்றபோது சீனச் செய்தித்தாள்களில் அச்சானது அந்தச் சொல்தான். முடிவாகாத கேள்வி, யாரும் அறிந்த ரகசியம், முன்முடிவு இல்லாத மனம் ஆகியவற்றையும் ஆங்கிலம் ‘ஓப்பன்’ என்கிறது. தொழிற்சாலையில் முக்கியமானது இன்னொன்று: முடிக்கப்படாத வேலைச் சீட்டும் ‘ஓப்பன்’. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

விளக்கைத் திறப்பது

சீனர்களின் ஆங்கிலத்தில் ‘ஓப்பன்’ என்றாலே ஆசிரியர்களுக்கு நினைவு வருவது, விளக்கைத் திற என்று அவர்கள் சொல்வதுதான். ‘கை தெங்’ என்பதன் நேரடிப் பெயர்ப்பு அது. ஹாங்காங், தைவான், சிங்கப்பூர், மலேசியா எங்கும் கேட்கலாம். பாடநூல்கள் இதைத் தலையாய பிழைகளில் ஒன்றாக வைத்து எள்ளி நகையாடும். எனக்கு இந்தக் கேலியில் ஒப்புதல் இல்லை.

முதலாவது, உலகில் நிறையப் பேர் விளக்கைத் திறக்கத்தான் செய்கிறார்கள். கிரேக்கம், துருக்கி, தாய், மலாய் ஆகிய மொழிகளில் அதுவே வழக்கு. கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பேச்சுப் பிரெஞ்சிலும் உண்டு; அங்கே ஆங்கிலம் பேசுகிறவர்களும் விளக்கை மூடு என்று சொல்வதைக் கேட்கலாம். சிங்கப்பூரில் ஹொக்கியன், கான்டனீஸ் என்ற சீனப் பேச்சுமொழிகளும் மலாயும் ஒரே திசையில் இழுத்தால் அந்த ஊர் ஆங்கிலம் வேறு என்ன சொல்லும்?

இரண்டாவது, ஆங்கிலத்தின் ‘டர்ன் ஆன்’ மட்டும் என்ன பகுத்தறிவில் பிறந்ததா? ‘டர்ன்’ என்றால் திருப்புவது. குழாயின் திருகைத் திருப்பித் தண்ணீரை வரவழைத்தார்கள். லண்டனில் பால் மால் தெருவில் 1807இல் வாயு விளக்குகள் எரிந்தன; பிறகு வாயு விளக்கு பரவியபோது அதற்கும் ஒரு திருகு இருந்தது, திருப்ப வேண்டியிருந்தது. இன்றைய மின்விளக்கில் பெரும்பாலும் திருப்புவதற்கு ஒன்றுமில்லை. சொல் மட்டும் தங்கிவிட்டது. சீனத்தில் எண்ணெய் விளக்குக்கு ‘தியன்’ என்ற வேறு சொல், பற்றவைத்தல் என்று பொருள். ஷாங்ஹாயில் 1865இல் வாயு விளக்கும் 1882இல் மின்விளக்கும் வந்தன. இன்று சுவரில் இருக்கும் பொத்தானுக்கு ‘கை குவான்’, திறப்பு மூடல் என்றே பெயர். தமிழிலும் ஏற்றிய விளக்கை நாம் இப்போது போடுகிறோம்; ‘போடு’ என்பதற்கு அங்கே என்ன பொருள் என்று ஒரு சீனருக்கு விளக்கிப் பாருங்கள்.

வீட்டில் விளக்கைத் திறந்தால் விளக்கு எரியும், யாருக்கும் குழப்பம் வராது. இதற்குச் செலவழிக்கும் சிவப்பு மையில் பாதியையாவது பொருள் தலைகீழாகும் இடங்களுக்கு ஒதுக்கலாம்.

கை தேர்ந்தவர் தடுமாறியது எப்படி

இந்த நிகழ்வில் என்னை யோசிக்க வைத்தது, தடுமாறியவர் தொழில் தெரியாதவர் அல்லர் என்பதுதான். சீனாவில் முறையாகப் பயிற்சி பெற்றவர். சீன மின்துறைத் தொழிலாளர்கள் பிரேக்கருக்கு அன்றாடச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. மின்சாரம் கொடுப்பது ‘ஹெ ஜா’: ‘ஹெ’ என்றால் சேர்த்தல். துண்டிப்பது ‘ஃபென் ஜா’: ‘ஃபென்’ என்றால் பிரித்தல். ஆங்கிலத்தின் ‘க்ளோஸ்’, ‘ஓப்பன்’ என்ற இணைக்கு இவை அச்சு அசலாகப் பொருந்துகின்றன. அவர் தன் தொழில்மொழியில் நினைத்து எழுதியிருந்தால் பிழையே நேர்ந்திருக்காது.

ஆனால் அன்று அவர் மனத்தில் இருந்தது பிரேக்கர் அல்ல, பம்பு. பம்பு ‘கை’ ஆகிவிட்டது, இனிக் கவலையில்லை. இதுதான் அவர் அடுத்த ஷிப்டுக்குச் சொல்ல விரும்பிய செய்தி. அதை ஆங்கிலமாக்கும்போது ‘கை’ என்ற இடத்தில் ‘ஓப்பன்’ தானாக வந்து உட்கார்ந்தது. பிறகு, வெறுமனே பம்பு என்று எழுதினால் பொறுப்பில்லாமல் இருக்கும், தான் தொட்ட கருவியின் பெயரை எழுத வேண்டும் என்று பிரேக்கரைச் சேர்த்தார். அக்கறையினால் சேர்த்த சொல்தான் பொருளைக் கவிழ்த்தது. பம்பைத் திறந்தேன் என்று எழுதியிருந்தால் இரவு வந்தவர் சிரித்துவிட்டு, என்ன சொல்ல வருகிறார் என்று போன் போட்டுக் கேட்டிருப்பார். பிரேக்கர் சேர்ந்ததும் அது குறையில்லாத தொழில்நுட்ப ஆங்கிலமாகிவிட்டது. கேட்பதற்கு ஒன்றுமில்லை.

பள்ளியில் அவர் பயன்படுத்திய சொல் அட்டைகளில் ஒரு பக்கம் ‘ஓப்பன்’, மறுபக்கம் ‘கை’. ஒன்றுக்கு ஒன்று. தேர்வுக்கு அது போதும். ஒரு சொல்லுக்கு இணையாக இன்னொரு சொல்லை ஆணியடித்து வைக்கும் இந்த முறைக்கு எதிராக நான் வகுப்பில் எப்போதும் சண்டை போடுகிறவன். ஆனால் இந்த நிகழ்வில் இன்னொன்றும் வெளிவந்தது. அது என் வாதத்தைக் கொஞ்சம் சிக்கலாக்கியது.

மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலே, காண்டாக்டர் போன்ற கருவிகளில் இரண்டு வகைத் தொடுமுனைகள் உண்டு. கருவிக்கு மின்சாரம் இல்லாதபோது பிரிந்திருப்பதை ஆங்கிலத்தில் ‘நார்மலி ஓப்பன்’ என்பார்கள். சீனத்தில் அதன் பெயர் ‘ச்சாங் கை’. ‘ச்சாங்’ என்றால் வழக்கமாக. அதாவது, இங்கே அதே ‘கை’ இடைவெளியைக் குறிக்கிறது, ஆங்கிலத்தைப் போலவே! திறந்த சுற்றுக்கும் சீனத் தொழில்நூல்களில் ‘கை லூ’ என்று ஒரு பெயர் உண்டு. காற்றழுத்தக் கருவிகளில் ‘ச்சாங் கை’ வால்வு என்றால் வழக்கமாகக் காற்று போகும். மின்பலகையில் ‘ச்சாங் கை’ முனை என்றால் வழக்கமாக மின்சாரம் போகாது. என் மாணவர் இரண்டையும் ஆண்டுக்கணக்கில் தன் கையால் மாட்டியிருக்கிறார். ஒரு தடவையும் மாற்றி மாட்டியதில்லை. இரண்டும் ஒரே சொல், எதிரெதிர் விளைவு என்று அவர் கவனித்தது என் மேசையில் உட்கார்ந்திருந்த அன்றுதான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியானால் எனக்கு இது ஏற்கனவே தெரியும்” என்றார்.

உண்மைதான். தெரியாத ஒன்றைக் கற்பிக்கும் வேலை அங்கே இல்லை. தொழிலாளியாக அவருக்குத் தெரிந்ததை, ஆங்கில மாணவராக அவர் எடுத்துப் பயன்படுத்தவில்லை. வகுப்பறை ஆங்கிலம் ஒரு பெட்டியிலும் தொழில் அறிவு வேறு பெட்டியிலும் கிடந்தன.

செய்தது என்ன

முதலில் பழைய சொல் அட்டையைத் தூக்கிப் போட்டோம். ‘கை’க்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எதை என்று கேட்கத் தொடங்கினோம். காரை என்றால் ‘டிரைவ்’. கூட்டத்தை என்றால் ‘ஹோல்ட்’. மருந்துச் சீட்டை என்றால் ‘ரைட்’. இயந்திரத்தை என்றால் ‘ஸ்டார்ட்’. விளக்கை என்றால் ‘டர்ன் ஆன்’. தண்ணீர் தானே கொதித்தால் ‘பாயில்’. வால்வுக்கும் கதவுக்கும் மட்டும் ‘ஓப்பன்’ மிஞ்சியது. சிறு குழந்தைக்குச் சொல்வதுபோல் இருக்கிறதே என்று அவருக்கு முதலில் கூச்சம். தன் வேலையில் வரும் பொருள்களையே அவர் பட்டியலிடத் தொடங்கியதும் கூச்சம் போய்விட்டது.

பிரேக்கருக்கு ‘கை’யின் பக்கமே போகவில்லை. ‘ஹெ’ என்றால் ‘க்ளோஸ்’, ‘ஃபென்’ என்றால் ‘ஓப்பன்’ என்று நேராகக் கோடு போட்டோம். இங்கே ஒன்றுக்கு ஒன்று என்ற முறையையே நான் பயன்படுத்தினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. தொழிற்சொற்களில் அது செல்லும். அவற்றுக்கு ஒரு பொருள்தான்.

பிரேக்கர் கைப்பிடியில் ஒரு நிமிர்ந்த கோடும் ஒரு வட்டமும் பொறித்திருப்பதைப் பற்றியும் பேசினோம். எந்த மொழிக்காரரும் படிக்க வேண்டும் என்பதற்காகச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் தரப்படுத்திய குறிகள் அவை: கோடு மின்சாரம் உண்டு, வட்டம் மின்சாரம் இல்லை. வட்டத்தை ஆங்கில ‘ஓ’ எழுத்தாகப் படித்தால் வம்புதான். ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘ஓப்பன்’ மூன்றுமே அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. சுழியம் என்று படித்தால் தப்பித்தோம்.

பதிவேட்டில் இப்போது அவர் இரண்டு தனி வரிகள் எழுதுகிறார். ஒன்று கருவியின் நிலை: பிரேக்கர் ‘க்ளோஸ்டு’. இன்னொன்று அதன் விளைவு: பம்புக்கு மின்சாரம் உண்டு, தானியங்கி முறையில் நிற்கிறது. தமிழ்நாட்டுக்காரருக்கு இந்த வழக்கம் பிடித்துப்போய் அவரும் அப்படியே எழுதுகிறார். அவர் எழுதிய வரிகளை இதற்கு முன் சீனர் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று இருவரும் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்களாம். பார்த்த பிறகு இருவரும் மேற்பார்வையாளரிடம் சேர்ந்தே போய்ப் பேசினார்கள். பொய் எழுதினார் என்ற பேச்சு அதோடு நின்றது.

தீராதவை

செயலா நிலையா என்ற சிக்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அவசரத்தில் கடை ‘ஓப்பன்டு’ என்று சொல்லிவிடுவார். இதை நான் வற்புறுத்துவதில்லை. பதிவேட்டில் நேரத்தைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். நேரம் இருந்தால் அது செயல் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் அவர் விளக்கைத் திறந்துகொண்டேதான் இருக்கிறார்.

வேலைச் சீட்டு விஷயம்தான் புதிதாக முளைத்தது. சீட்டு ‘ஓப்பன்’ என்று கணினியில் இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். ‘கை’யின் தொடக்கப் பொருளை வைத்துப் பார்த்தால், யாரோ வேலையைத் தொடங்கிவிட்டார்கள் என்று தோன்றும். அவரும் அவருடைய ஊர்க்காரர்கள் சிலரும் அப்படி நினைத்துச் சில சீட்டுகளைத் தொடாமல் விட்டிருந்தார்கள். வேறு யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம். சீனத்தில் இதற்கு ‘வெய் ஜியே’ என்று வேறொரு சொல் உண்டு: இன்னும் முடிச்சுப் போடாதது. அதை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். கணினித் திரையில் சொல்லை மாற்ற முடியாது, மென்பொருள் அப்படித்தான் வந்திருக்கிறது என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். சீனத் தொழிலாளர்கள் திரையின் ஓரத்தில் அந்த இரண்டு எழுத்துகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறார்கள்.